எது கிராமம்? எவர் கிராமத்து மாணவர்?

சில மாதங்களுக்கு முன், தமிழாசிரியர் சிலர் கூடியிருந்த ஒரு சபையிலே, உயர்தர வகுப்பு மாணவரின் விடைத்தாள்களைப் பற்றிப் பேச்செழுந்தது. நகரக் கல்லூரிகளிலே நெடுங்காலம் கற்பித்த அன்பர் ஒருவர், “கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலக்கியம் படிப்பிப்பது கல்லில் நார் உரிக்கும் வேலை, அவர்களிடம் அத்திவாரமே கிடையாது” என்றார். இருந்தோரிற் பெரும்பாலார் தலையசைத்தனர். யான் தலையசைக்கவில்லை, ஆயினும் மறுத்துரைக்கவுமில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த மௌனம் என்னை உறுத்திற்று. மறுப்பதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. வாய்மூடி இருந்ததற்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அவ்விரண்டையும் ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

ஒரு பொருளை ஆராயப் புகுவோர் முதலிற் சொல்லை வரையறுத்துக்கொள்ளல் வேண்டும் என்பது நம் பண்டை ஆசிரியர் கண்ட நெறி. ‘கல்லூரி’ என்றவிடத்துத் தமிழகத்தார் பட்டப் படிப்புக்குரிய நிலையத்தைக் கருதுவர். ஈழத்திலோ உயர்தர வகுப்பு வரை உள்ள பாடசாலையும் கல்லூரி என்றே பெயர் பெறும். மகாவித்தியாலயமும் மத்திய கல்லூரியும் இதனுள் அடங்கும். ஆகவே கல்லூரி மாணவர் என யான் குறிப்பது பதினாறு வயது முதல் இருபது வயது வரையுள்ள, பல்கலைக்கழக வாயிலை நோக்கி நிற்கும் பிள்ளைகளையே. கல்லூரி எதுவென்பது தெளிவாயிற்று. கிராமம் எது என்பதே வினா.

அரசாங்கம் கூறும் கிராமம்

நம் நாட்டுக் குடிசன மதிப்பீட்டிலே மாநகர சபைக்கும் நகர சபைக்கும் உட்பட்ட இடங்களே நகரம் எனப்படும். தோட்டம் என்பது தனியாகக் கணிக்கப்படும். 20 ஏக்கரும் அதற்கு மேலும் விரிந்து, 10 தொழிலாளரேனும் குடியிருக்கும் பெருந்தோட்டமே தோட்டப்பகுதி. நகரமும் அல்லாத, தோட்டமும் அல்லாத எஞ்சிய நிலம் யாவும் கிராமம். 2012 ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டு மக்களுள் நூற்றுக்கு 18.2 பேர் நகரத்தார், 77.4 பேர் கிராமத்தார், 4.4 பேர் தோட்டத்தார். இங்கே கிராமத்துக்கெனத் தனி இலக்கணம் எதுவுமில்லை. வேறொன்று அல்லாதது எதுவோ அதுவே கிராமம். எதிர்மறையாற் பெயர்பெற்ற பொருள் இது.

இதனால் விளையும் வேடிக்கையைப் பாருங்கள். 1981 ஆம் ஆண்டிலே நகரவாசிகள் நூற்றுக்கு 21.5 பேராக இருந்தனர். முப்பது ஆண்டு கழிந்தபின் அத்தொகை குறைந்து காணப்படுகின்றது. மக்கள் நகரத்தை விட்டுக் கிராமத்துக்குப் பெயர்ந்தமையாலன்று. முன்னர்ப் பட்டினசபைகளின் ஆட்சிக்கு உட்பட்ட ஊர்களும் நகரமெனவே எண்ணப்பட்டன. பட்டினசபைகளும் கிராமசபைகளும் ஒழிந்து, 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினாற் பிரதேச சபைகள் தோன்றியபோது, அவ்வூர்கள் பிரதேச சபைகளுக்குட் சென்றன. கடைத்தெருவும் சந்தையும் இருந்தபடியே இருப்ப, நேற்றைய பட்டினம் இன்றைய கிராமமாயிற்று. கிளிநொச்சிப் பட்டணம் ஒரு மாவட்டத்தின் தலைநகர். வங்கிகளும் வைத்தியசாலையும் நீதிமன்றமும் புகையிரத நிலையமும் உடையது. அதுவும் கரைச்சிப் பிரதேச சபைக்கு உட்பட்டமையாற் கணக்கிலே கிராமம். அங்கிருந்து பல கட்டை தொலைவிலே, காட்டோரத்துக் குளத்தடியில் உள்ள சிற்றூரும் கிராமம். இரண்டிலும் வாழும் பிள்ளைகளை ஒரே சொல்லால் அழைத்துவிட்டு, அவர்களுடைய இயல்பை ஆராய்வது எங்ஙனம்?

கல்வித் திணைக்களத்தார் வேறொரு வகுப்பு வைத்துள்ளனர். கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்பன ஆசிரியர் யாவரும் அறிந்த சொற்கள். இடமாற்றக் கடிதம் கைக்கு வந்தவுடன் ஆசிரியர் தேடுவது அச்சொல்லையே. இப்பகுப்பு ஓரளவு உண்மைக்கு அண்மித்தது; பாதை, பஸ், தங்குமிடம் முதலியவற்றை நோக்கி எழுந்தது. ஆயின் அது பார்ப்பது ஆசிரியரின் கஷ்டத்தையே. அவர் சில ஆண்டுகளிற் சேவைக்காலம் முடித்து மீள்வார். பிறந்த பிள்ளைக்குச் சேவைக்காலம் என ஒன்று இல்லை.

பல்கலைக்கழக அனுமதியிலே மூன்றாவது வகுப்பொன்று உண்டு. விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கு நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமையடிப்படையிலும், 55 இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், எஞ்சிய 5 இடங்கள் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கெனவும் பகிரப்பட்டு வந்துள்ளன. கல்வி வசதி குறைந்தனவாக எண்ணப்பட்ட 16 மாவட்டங்களுள் வட மாகாணத்து ஐந்தும், கிழக்கு மாகாணத்து மூன்றும், நுவரெலியா, பதுளை முதலியனவும் அடங்கும். நோக்கம் நல்லதே. எனினும் மாவட்டம் என்பது பெரியதோர் அளவுகோல். யாழ்ப்பாண நகரத்துப் புகழ்பெற்ற கல்லூரியிற் பயிலும் பிள்ளையும், கடல் கடந்து நெடுந்தீவிலே பயிலும் பிள்ளையும் ஒரே மாவட்டத்தவர். ஒரே பங்குக்குப் போட்டியிடுவோர். கிராமத்தின் பெயராற் கிடைத்த இடத்தை மாவட்டத்தின் நகரமே பெற்றுக்கொள்வதும் உண்டு.

பிள்ளையின் கண்ணாற் காணும் கிராமம்

நம் முன்னோர் நிலத்தை வேறொரு முறையால் வகுத்தனர். தொல்காப்பியனார் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் எனப் பகுத்தபோது, எச்சபையின் ஆட்சிக்குட்பட்டது என நோக்கினாரல்லர். நிலமும் பொழுதும் முதற்பொருள்; அந்நிலத்து உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் என்பன கருப்பொருள். ஓரிடத்தை அறிய வேண்டின் அங்கே என்ன விளைகின்றது, எவ்வேளை எது நிகழ்கின்றது, மாந்தர் யாது செய்து உண்கின்றனர் என அறிதல் வேண்டும் என்பது அவர் கருத்து. இதனினுஞ் சிறந்த வரையறையை யான் இற்றைவரை கண்டிலேன்.

அந்நெறி பற்றி யான் கூறுவது இது. பிள்ளை உண்ணும் சோற்றின் பின்னால் உள்ள உழைப்பு அப்பிள்ளையின் கண்முன்னே நிகழும் இடம் கிராமம். பிள்ளைக்குத் தேவையான நூலும் ஆசிரியரும் மருத்துவரும் அலுவலகமும் கண்முன் இல்லாது தொலைவில் உள்ள இடமும் அதுவே. முதலாவது கிராமத்தின் செல்வம். இரண்டாவது அதன் வறுமை. இவ்விரண்டும் ஒருங்கே உள்ள இடத்தையே யான் கிராமம் என்பேன். இவ்வளவையால் நோக்கின், தோட்டத்து லயமும் கிராமமே. அதிகாலையிற் பெரட்டுக்குச் செல்லும் தாயையும், மாலையிற் கொழுந்து நிறுக்கும் தராசையும் கண்டு வளரும் பிள்ளை அங்கே உள்ளது. மாசி மாதத்திற் காமன் கூத்தைக் கண்டு வளரும் அப்பிள்ளை கணக்கிலே கிராமத்துப் பிள்ளையன்று. வாழ்விலோ கிராமத்துப் பிள்ளையே.

மாணவரிடத்து யான் கண்டவை

2011 ஆம் ஆண்டு முதற் சில ஆண்டுகள் கிளிநொச்சி மாவட்டத்துக் குளத்தடியூர் ஒன்றிலே தமிழ் கற்பித்தேன். போர் முடிந்து மக்கள் மீளக் குடியமர்ந்த காலம். கூரைத் தகரம் புதிது. சுவர்களிற் சன்னம் பாய்ந்த வடுக்கள் பழையன. உயர்தரக் கலைப்பிரிவிலே பதினொரு பிள்ளைகள். அவர்களிடம் யான் கற்றவற்றுட் சில:

முதலாவது, சொல்வளம். ஒருநாட் பாடத்திலே ‘கலிங்கு’ என்ற சொல் வந்தது. குளத்திலே மிகுந்த நீர் வழிந்தோடும் வாயில் என விளக்கப் புகுந்து, கரும்பலகையிற் படமும் வரைந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், “ஐயா, அது எங்கடை வான் எல்லோ?” என்றான். அவ்வளவுதான், பாடம் அவர்களுடையதாயிற்று. வான் பாய்தல், அலைகரை, துருசு, நீர்ப்பிடிப்பு என்று சொற்கள் வரிசையாக வந்தன. தமிழகத்து நூல்கள் மதகு என்பதை நாம் துருசு என்கின்றோம். நம்மிடையே மதகு என்பது வீதியின் கீழ் நீரோடும் வழி. ஒரு சொல் இடந்தோறும் பொருள் வேறுபடும் என்பதை, அகராதியின் துணையின்றி, அன்று அவ்வகுப்பு உணர்ந்தது. மொழிநூல் கற்பிப்பதற்கு இதனிலும் நல்ல வாயில் வேறென்ன?

இரண்டாவது, இலக்கியத்தின் உட்பொருளை எட்டும் ஆற்றல். முல்லைத் திணைக்குரிய சிறுபொழுது மாலை என்பதை எல்லா மாணவரும் மனனஞ் செய்வர். மாலை ஏன் என வினவினால் நகரத்து மாணவர் உரையாசிரியரை நோக்குவர். மாமனாரின் மாடுகளை மேய்த்துப் பழகிய ஒரு மாணவன் கூறிய விடையை யான் இன்றும் மறக்கவில்லை. “வீட்டிலை கண்டு கட்டிக் கிடந்தால், பொழுதுபட மாட்டை ஆரும் சாய்க்கத் தேவையில்லை, ஐயா. தானா வரும்.” முல்லைப்பாட்டின் தொடக்கத்திலே, கட்டுண்ட கன்றுகள் தாயின் வரவை நோக்கித் தவிப்பதும், தாய்மார் வருவர் என ஆய்ச்சியர் ஆறுதல் கூறுவதும், தலைவன் வரவை நோக்கியிருக்கும் தலைவிக்கு நற்சொல்லாக அமைவதும் கற்றோர் அறிவர். கன்றின் இழுப்பே மாட்டை வீட்டுக்குக் கொணர்கின்றது. இல்லத்தாளின் இருத்தலே தலைவனைப் பாசறையிலிருந்து கொணர்கின்றது. முல்லைக்கும் மாலைக்கும் உள்ள இயைபைப் பதினேழு வயதுப் பையன் ஒரே தொடரிற் கூறிவிட்டான். அவனிடம் அத்திவாரம் இல்லை என்று யார் கூறுவது?

மூன்றாவது, கணக்கறிவு. கணித ஆசிரியர் இல்லாத பாடவேளைகளிலே வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் கடமை தமிழாசிரியனையே வந்து சேரும். பத்தாம் வகுப்பிலே விகிதம் என்னும் பாடம். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை ஒன்று தன் அப்புவின் காணி உறுதியைப் பற்றிச் சொன்னது. வரகுக் காணியாயின் ஓர் ஏக்கருக்கு 16 பரப்பு. நெற்காணியாயின் 24 பரப்பு. ஆகவே ஆறு பரப்பு வயலும் நான்கு பரப்பு மேட்டுக்காணியும் நிலத்தளவிற் சமம் என்று அப்பிள்ளை கணக்கிட்டுக் காட்டிற்று. புத்தகத்திலிருந்த மாம்பழக் கணக்குக்கு விடை காணாது விழித்த அதே பிள்ளைதான் இது. பிள்ளை அறியாதது கணக்கையன்று. நாம் கணக்கை உடுத்திக் கொணர்ந்த உடையையே.

நான்காவது, பொதுக் காரியத்திற் பழக்கம். அதற்கு ஒரு மாணவியைப் பற்றிக் கூறல் வேண்டும். அவளுடைய தந்தையார் ஊர்க் கமக்காரர் அமைப்பின் செயலாளர். 2009 ஆம் ஆண்டிலே அவர் வலக்கையிற் காயமுற்றார். எழுதுகோல் பிடித்தல் இயலாதாயிற்று. ஆதலாற் கூட்டக் குறிப்பை மகளே எழுதுவாள். சிறுபோகத்துக்கு முன், குளத்து நீரின் அளவை நோக்கி, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு எனத் தீர்மானிக்கும் கூட்டம் எளிதன்று. உரத்த குரல் எழும்; பழைய பகை தலைதூக்கும். அவள் ஒரு மூலையிலிருந்து எழுதுவாள். அந்தக் குறிப்புப் புத்தகத்தைத் தந்தையார் ஒருமுறை எனக்குக் காட்டினார். இரண்டரை மணி நேரச் சச்சரவின் முடிவை அவள் இவ்வாறு எழுதியிருந்தாள்: “குளத்தில் நீர் குறைவு. ஆகவே காணி குறைக்கப்பட்டது. எவர் பங்கும் விடுபடவில்லை.” உரைநடை எழுதக் கற்பிக்கும் ஆசிரியனாகிய யான், அம்மூன்று வாக்கியங்களையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம், காரியம், நீதி என மூன்றும் அதிலே இருந்தன. ஒரு சொல்லும் மிகையில்லை.

இவற்றோடு, செவிவழிக் கல்வியும் உண்டு. வன்னியிலே வற்றாப்பளை அம்மன் பொங்கலும் கோவலன் கூத்தும், மட்டக்களப்பிலே கண்ணகி வழக்குரையும் வடமோடி தென்மோடிக் கூத்துக்களும் கேட்டுக் கண்டு வளர்ந்த பிள்ளை, சிலப்பதிகாரத்தைப் புதிய நூலாகக் கையில் எடுப்பதில்லை. தெரிந்த வீட்டினுள் நுழைவது போலவே நுழைகின்றது.

வறுமையைப் பண்பென்று புகழ்தல் தகாது

இவ்வாறெல்லாம் எழுதும்போது ஓர் அபாயம் உண்டு. கிராமத்துப் பிள்ளையின் சிறப்பைப் பாடிவிட்டு, அப்பிள்ளைக்குரிய ஆசிரியரையும் நூலையும் கொடாதுவிடுவோர்க்கு அது நல்லதொரு சாட்டாய்விடும். நெடுந்தூரம் நடந்து வருதல் மனவுறுதியைத் தரும் என்று மேடையிற் கூறுவோர், தம் பிள்ளைகளை வாகனத்திலே கொண்டுசென்று விடுவோரே. நடையினால் வருவது முதலிற் களைப்பு. கன்றையும் மாட்டையும் பற்றிச் சொன்ன மாணவன் காலபோக அறுவடைக் காலத்தில் மூன்று வாரம் வகுப்புக்கு வரவில்லை. பரப்புக் கணக்குச் செய்த பிள்ளைக்குக் கணித ஆசிரியர் கிடைக்க ஓராண்டு சென்றது. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு 1ஏபி வகைப் பாடசாலைகளிலேயே உண்டு. 1சி வகைப் பாடசாலையிற் கலையும் வர்த்தகமுமே. மருத்துவம் கற்க வேண்டும் என்னும் விருப்பம் குளத்தடியிலே தோன்றினால், அவ்விருப்பம் பஸ் ஏறியே ஆகவேண்டும். ஆங்கிலத்தின் நிலையோ கூறவேண்டியதில்லை.

ஆற்றல் என்பது வசதிக்கு ஈடாகாது. ஆற்றல் உள்ளமையினாலேயே வசதி கேட்கும் உரிமை வலுப்பெறுகின்றது. நல்ல நிலத்துக்குத்தானே நீர் பாய்ச்ச வேண்டும்?

நகரத்தைக் கிராமத்துக்குக் கொணர்ந்த காலம்

இவ்வுண்மையை உணர்ந்தோர் முன்னரும் இருந்தனர். காரைதீவு என்னும் கடலோரச் சிற்றூரிலே 1892 ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனன் என்னும் சிறுவனே பின்னர் விபுலானந்த அடிகளாகி, 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். விஞ்ஞானப் பட்டமும் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்ற அவர் 1947 இல் வெளியிட்ட யாழ் நூலிலே, இசையும் கணிதமும் தமிழும் கைகோத்து நிற்கின்றன. சிற்றூர் அவருக்குத் தடையாகவில்லை. ஆயினும் சிற்றூர் மட்டும் அவரை ஆக்கவுமில்லை. கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் வாயில்கள் திறந்தமையாலேயே அவர் நடக்க முடிந்தது.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் கல்வி மந்திரியாயிருந்த காலத்திலே எழுந்த மத்திய கல்லூரிகளின் கருத்தும் இதுவே. இலவசக் கல்வி 1945 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதனோடு இணைந்து, நகரத்திலுள்ள சிறந்த கல்லூரிகளுக்கு ஒப்பான பாடசாலைகள் நாட்டுப்புறங்களிலே நிறுவப்பட்டன. அவ்வாறு எழுந்தவற்றுள் வந்தாறுமூலை மத்திய மகாவித்தியாலயம் ஒன்று. 1981 ஆம் ஆண்டிலே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி அதன் கட்டடங்களிலேயே தொடங்கிற்று. 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. வயல்வெளி நடுவே வைத்த ஒரு கல்லூரி பல்கலைக்கழகத்துக்கே இடங்கொடுத்தது. பின்னர் ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்களும் அமைந்தன. 2021 இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

பல்கலைக்கழகம் கிராமத்தை நோக்கி வந்திருக்க, பாடசாலையோ கிராமத்தை விட்டுச் சென்றுகொண்டிருக்கின்றது. மத்திய கல்லூரியின் நோக்கம் நல்ல பாடசாலையைப் பிள்ளையிடம் கொணர்வது. இன்று ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலிற் சித்தியடைந்த பிள்ளையை நகரத்துக் கல்லூரிக்குக் கொண்டுசெல்வதையே வெற்றி என்கின்றோம். அந்தப் பிள்ளையின் படத்தை ஊரிலே பதாகையாகக் கட்டி மகிழ்கின்றோம். பதாகை ஊரில் நிற்கும். பிள்ளை நகரத்துக்குப் போய்விடும்.

யான் எழுதிய கடிதம்

இனி, சபையிலே யான் மௌனமாயிருந்ததன் காரணத்தைச் சொல்லல் வேண்டும்.

கூட்டக் குறிப்பு எழுதிய அம்மாணவி சாதாரணதரப் பரீட்சையிலே மிகச் சிறந்த பெறுபேறு பெற்று உயர்தர வகுப்புக்கு வந்தவள். சில மாதங்கள் அவளுக்குக் கற்பித்தபின், நகரத்துக் கல்லூரி ஒன்றின் அதிபருக்கு அவளைச் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு கடிதம் எழுதினேன். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை, யானே எழுதினேன். அக்கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். தந்தையார் படித்துப் பார்த்துவிட்டுச் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும், ஐயா. ஆனால் இவள் போனால் மற்றப் பிள்ளையளும் போகுங்கள். பிறகு இந்த வகுப்பு இருக்குமோ?” என்றார். கூட்டங்களிலே பங்கு பிரித்துப் பழகியவர் அல்லவா? ஒருவர் பங்கை எடுத்தால் மற்றவர் பங்குக்கு என்னாகும் என்பதை உடனே கண்டுகொண்டார். “அதை நாங்கள் பார்த்துக்கொள்ளுவம், பிள்ளையின்ரை எதிர்காலத்தைப் பாருங்கோ” என்றேன்.

அவள் சென்றாள். நகரத்திலே உறவினர் வீட்டில் தங்கி நன்றாகப் படித்தாள், பல்கலைக்கழகம் புகுந்தாள். அவளுக்கு யான் செய்தது தீமையன்று. ஆனால் அவளைத் தொடர்ந்து மூவர் சென்றனர். பதினொருவர் எழுவராயினர். அடுத்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தோர் நால்வர். அதற்கடுத்த ஆண்டு, பிள்ளைத்தொகை போதாது என்று உயர்தர வகுப்பு நிறுத்தப்பட்டது. அப்பால், காலை ஆறரை மணிப் பஸ்ஸிலே பட்டணத்துக்குச் செல்லக்கூடியோர் சென்றனர். செல்ல இயலாதோர் நின்றனர். நின்றோருட் பெரும்பாலார் பெண்பிள்ளைகள். மாடு மேய்த்த பையனும் நின்றவர்களுள் ஒருவன். யானும் இடமாற்றம் பெற்று வந்துவிட்டேன். இன்று கீழைத்தேயக் கல்லூரி ஒன்றிலே பண்டித வகுப்புக்கு முல்லைப்பாட்டுச் சொல்லிக்கொடுக்கின்றேன். ஒவ்வோர் ஆண்டும் அக்கன்றுகள் வரும் இடத்தை அடைந்தவுடன் அவன் முகம் முன்னே நிற்கும்.

நகரத்து அன்பர் வாயாற் கூறியதை யான் கையாற் செய்திருந்தேன். கிராமத்திலே நல்ல பிள்ளை இருக்கலாகாது, இருந்தால் அதனை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதுதானே என் கடிதத்தின் பொருள்? அவரை மறுத்துப் பேச எனக்கு வாய் எழவில்லை.

ஒரு வினா

அச்சபைக்குப் பின் சில வாரங்கள் கழித்து அம்மாணவி என்னைக் காண வந்தாள். இப்போது அவளும் ஆசிரியை. அதிகஷ்டப் பிரதேசம் ஒன்றிலே முதல் நியமனம். நலம் விசாரித்தபின் சொன்னாள்: “ஐயா, என்ரை வகுப்பிலை ஒரு பிள்ளை நல்லாப் படிக்குது. ரவுண் பள்ளிக்கூடத்திலை சேர்க்கக் கடிதம் தரச்சொல்லித் தாய் கேக்கிறா. நீங்கள் எனக்கு எழுதினனீங்கள். நான் எழுதட்டோ?”

உடனே விடை கூற எனக்கு இயலவில்லை. எழுதாதே என்று கூறினால், அவள் பெற்றதை இன்னொரு பிள்ளை பெறுதல் கூடாது என்றாகும். எழுது என்று கூறினால், இன்னொரு வகுப்பின் கதவை மூடச் சொன்னதாகும். இறுதியில் இவ்வாறு சொன்னேன்: “பிள்ளை, தாய் கேட்டால் எழுதிக் குடு. அது அந்தப் பிள்ளையின்ரை உரிமை. ஆனால் அதுக்கு முதல் இன்னொரு கடிதம் எழுது. வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுது. என்ன பாடத்துக்கு ஆள் இல்லை, எத்தனை பிள்ளையள் இருக்கினம், எத்தனை மணிக்கு பஸ் வேணும் எண்டு எழுது. பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போ. நான் அந்தக் கடிதத்தை எழுதேல்லை. அதுதான் என்ரை பிழை.”

அவள் தலையசைத்தாள். “கூட்டக் குறிப்பு எழுதினது போல எழுதுறன், ஐயா” என்று சிரித்தாள்.

ஆசிரிய அன்பர்களே, யான் பெரிய திட்டம் எதையும் முன்வைக்க வல்லவனல்லேன். கற்பித்தோன் என்னும் முறையில் மூன்றே கூறுவேன். ஒரு சிற்றூர்ப் பாடசாலையின் உயர்தர வகுப்பை நிறுத்துமுன், பிள்ளைத்தொகையை மட்டும் எண்ணாது, அடுத்த வகுப்பு எத்தனை கட்டை தொலைவில் உள்ளது, அங்கே செல்ல எத்தனை பஸ் உள்ளது என்பவற்றையும் எண்ணுக. அயற்பாடசாலைகள் இரண்டு மூன்று சேர்ந்து ஆசிரியர்களைப் பகிர்ந்துகொள்ளுமாயின், தனித்து நிற்க மாட்டாத வகுப்பும் கூடி நிற்கும்; குறைந்த நீரைப் பங்கிட்டு விதைக்கும் ஊர்மக்கள் நமக்கு வழிகாட்டியுள்ளனர். மூன்றாவது நம் கையிலேயே உள்ளது. கிராமத்துப் பிள்ளைக்குக் கற்பிக்கும்போது, பிள்ளை அறியாததிலிருந்து தொடங்காது, அறிந்ததிலிருந்து தொடங்குக. வானிலிருந்து கலிங்குக்குச் செல்லுக. பரப்பிலிருந்து விகிதத்துக்குச் செல்லுக. அத்திவாரம் இல்லை என்று நாம் கூறுவது பலவேளை, நாம் கட்ட நினைத்த இடத்தில் இல்லை என்பதே.

அடுத்தமுறை அச்சபை கூடும்போது யான் பேசுவேன். மாடு மேய்த்த அப்பையன் முல்லைக்குச் சொன்ன உரையை முதலிற் சொல்வேன். அவன் ஏன் உயர்தரப் பரீட்சை எழுதவில்லை என்பதையும் சொல்வேன்.